மேல்மாடியில் ஒரு மாடு

பல் போனால் சொல் போகும் என்பார்கள்.
எனக்குச் சொல் போகவில்லை,
எலும்பு போயிருக்கிறது.

"வேலையில்லாத எலும்பை உடம்பு வைத்துக்கொள்ளாது, வில்மார்."
டாக்டர் பெந்தான்கூர்
படத்தில் வலது கடைவாய்க்கு மேலே பேனாவை வைத்தார்.
இரண்டு மில்லிமீட்டர்.
என் கடையில் ஹாம்கூட இதைவிடக் கனமாகச் சீவுவேன்.

அதற்கு மேலே ஓர் அறையாம்.
காற்று மட்டும் குடியிருக்கிற அறை,
ஐம்பத்தெட்டு வருஷமாக என் கன்னத்துக்குள்.
அதன் தரையில் ஒரு சவ்வு:
அவித்த முட்டையை உரிக்கும்போது
ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வருமே, அந்தத் தடிமன்.
கிழியாமல் அதைத் தூக்கி
அடியில் எலும்புத்தூள் நிரப்ப வேண்டும்.

ஊசி போட்ட பிறகுதான் கேட்கத் தோன்றியது:
யாருடைய எலும்பு?
என் தொழில் தெரிந்தவர். கொஞ்சம் தயங்கினார்.
"மாடு."

மரத்த வாயால் சிரித்தால் எச்சில்தான் வழிகிறது.

தக்குவாரெம்போ ஸ்டேஷன் பக்கத்தில்
முப்பத்தோரு வருஷம் தொடையெலும்பு அறுத்திருக்கிறேன்.
ரம்பத்தடியில் சேரும் வெள்ளைத் தூளை
ராத்திரி ஹோஸ் பிடித்துச் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறேன்.
இங்கே அது சுட்டு, சுத்தமாகி, சின்னக் குப்பியில்.
பில்லில் அரை கிராமின் விலையைப் பார்த்தேன்.
ஒரு கிடேரி கண்முன்னே நடந்து போனது.

மூக்கைச் சிந்தாதே.
தும்மல் வந்தால் வாயைத் திற.
உறிஞ்சாதே.

உறிஞ்சாதே என்றால் மாத்தே கிடையாது.
மூன்று வாரம், சாயங்காலச் சுற்றில்
சுரைக்குடுவை என்னைத் தாண்டிப் போனது.
சுல்மா வெந்நீர் ஊற்றித் தம்பிக்கு நீட்டுவாள்,
என் முறை வரும்போது கை ஒரு கணம் நிற்கும்,
பிறகு நகரும்.
வடிகட்டி, ஆற்றி, கரண்டியில் குடித்துப் பார்த்தேன்.
மழைத்தண்ணி.

கடையில் ஒருநாள் தும்மல் வந்தது.
திரும்பிக்கொண்டு, முழு வாயையும் திறந்து,
அம்மாவைத் தேடும் கன்றுபோல ஒரு சத்தம்.
வரிசையில் நின்ற நேலிதா சொன்னாள்:
"பேச ஆரம்பிச்சிடுச்சு."

ஏழு மாதம் கழித்து மறுபடி படம்.
சாம்பல் நிறத்தில் மேகம்போல ஏதோ கெட்டியாகியிருந்தது.
"உங்களுடையது எது, அதனுடையது எது,
இனிமேல் எனக்கே பிரிக்கத் தெரியாது."

எனக்குத் தெரிந்த ஒன்றை அவரிடம் சொல்லவில்லை:
மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது.
தனக்கில்லாத வரிசைக்கு
அது கல் சுமந்திருக்கிறது.

திங்கட்கிழமை திருகு இறங்குகிறது.
இன்று ஞாயிறு, கணப்பில் விலா.
வழக்கம்போல இடப்பக்கமாக மெல்லுகிறேன்.
வலப்பக்கம்
சும்மா கேட்டுக்கொண்டிருக்கிறது.