இருபது இல்லை

பெட்டியின் அடியில்,
பார்கோடுக்கும் கீழே,
எறும்பு எழுத்தில் ஒரு வரி:
ஒன்று, மூன்று, ஐந்து, எட்டு,
பிறகு ஒரே தாவாய்
முப்பத்துநான்கு.
யாரும் அதைப் படிப்பதில்லை.
சுக்தீதி பேருந்து நிலையத்தை ஒட்டிய இந்தக் கடையில்
அதைப் படிக்கத்தான் எனக்குச் சம்பளம்.
படித்ததைச் சொல்லாமலிருக்கவும்.

பிமுர்சா கேட்டது கேமராவைப் பற்றி.
நிலாவைக் கிட்டே இழுக்குமா?
இழுக்கும் என்றேன்.
சார்ஜ்?
இரண்டு நாள் நிற்கும்.
சீனத்து உள்ளூர்ச் சந்தைக்கென்று செய்தது,
எல்லை தாண்டி மூட்டையில் வந்தது,
போன மாதம்தான் வெளியானது, பாதி விலை.
இருபதைப் பற்றி அவர் கேட்கவில்லை.
கேட்கத் தெரிந்தவர்
எங்கள் கடைக்கு ஏன் வருகிறார்.

எங்குரி ஆற்றோடு நாலு மணி நேரம் ஏறினால்
கடைசிப் பாலத்துக்கு அப்பால் ஏழு வீடு, அவருடையது ஆறாவது.
அங்கே போய்ச்சேரும் ஒரே அலை
பேண்ட் இருபது.
ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம்.
மலை முதுகில் கைவைத்து எட்டிப்பார்த்து
மறுபக்கம் வளைந்து இறங்கத் தெரிந்தது.
நகரத்து அலைகளோ ஆறு விரற்கடைதான்.
ஒரு திரைப்படத்தையே
கண்மூடித் திறப்பதற்குள் சுமந்துவரும்,
ஒரு அக்ரூட் மரத்தின் ஈர இலைகளில்
இடறி விழும்.

புது போனுக்கு எதிலும் குறைவில்லை.
ஒரு எண்ணுக்கு மட்டும் செவிடு.

மூன்று வாரம் கழித்து
மார்ஷ்ருத்கா வேனின் கதவைக்கூடச் சாத்தாமல்
நேரே உள்ளே வந்தார்.
ரசீதுப் புத்தகத்தைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.
முதலாளி ஓத்தியா பணம் திருப்பித் தரமாட்டார்;
எந்தப் பொய்யை முதலில் எடுப்பது?
சாப்ட்வேர் அப்டேட்டா, சிம் கார்டா, மேகமூட்டமா?

"இதே மாதிரி இன்னொன்று கொடு" என்றார்.
"அங்கே சிக்னல்…"
"சொட்டுக்கூட இல்லை."
சொல்லும்போது அவர் முகம்
மழைக்கு விடுமுறை விட்ட பள்ளிக்கூடம்.
வங்கி கூப்பிடவில்லை.
வாக்குக் கேட்பவன் கூப்பிடவில்லை.
கடன் வாங்கிய மச்சான் கூப்பிடவில்லை, அவன் எப்போதுமே கூப்பிட்டதில்லை,
ஆனால் இப்போது அதற்கொரு காரணம் இருக்கிறது.
"நிலாவை எடுத்தேன், பார்."
பதினேழு நிலா.
ஒவ்வொன்றிலும் குழி குழியாக வெளிச்சம்.
இன்னொரு போன் மனைவி ஏத்தெரிக்காம்.
அவள் அக்கா குத்தைசியிலிருந்து தினமும் கூப்பிடுகிறாள்,
பாலாடைக்கட்டி அடுப்பில் தீய்கிறது.

விற்றுவிடலாம்.
கமிஷனும் அதே இருபது.

ஏனோ இந்த முறை பெட்டியைக் கவிழ்த்தேன்.
எட்டுக்கும் முப்பத்துநான்குக்கும் நடுவே
நகத்தை வைத்துக் காட்டினேன்.
"இங்கே ஒரு எண் இருக்கவேண்டும்."
"அன்றைக்கே தெரியுமா உனக்கு?"
"தெரியும்."
அவர் சத்தம் போட்டிருக்கலாம்.
பெட்டியை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
அந்த வரியை மெல்லப் படித்தார்,
வீட்டுப் பத்திரத்தைப் படிப்பதுபோல.

"மார்ச்சில் பனி சரியுமே.
அந்த எச்சரிக்கை எதில் வரும்?"
"இருபதில்."

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
வேனுக்குள்ளிருந்து யாரோ ஹாரனை அழுத்தினார்கள்.
பிமுர்சா மேல் அலமாரியைக் காட்டினார்:
பட்டன் போன், தூசு,
நிலாவைப் பற்றி ஒன்றும் தெரியாதது.
"அதற்குக் காது கேட்குமா?"
"கேட்கும்."

இரண்டையும் வாங்கினார்.
பட்டன் போனின் எண்ணை
என் ரசீதின் பின்பக்கம் எழுதினார்,
ஏழுக்குக் குறுக்கே கோடிட்டு, அழுத்தி.
"ஏத்தெரிக்கும் தெரியாது. உனக்கு மட்டும்தான்.
அரசாங்கம் அனுப்பும்தான், இருந்தாலும்
சரியப்போகிறது என்று கேள்விப்பட்டால்
நீ கூப்பிடு."

வேன் போய்விட்டது.
கடையில் எல்லாப் போனிலும் ஐந்து கோடு.

அன்றிலிருந்து வானிலைச் செய்தி கேட்கிறேன்.