எண் 417

கணவாய் வந்ததும் வண்டியை நிறுத்துகிறான் ஜார்கல்.
உலான் உதேயிலிருந்து ஐந்து மணி நேரம்.
நிறுத்தாமல் போன ஒரே நாளில்தான்
அச்சு முறிந்ததாம்.
இறங்குகிறோம்:
கையில் நாணயம், நீலத் துண்டு, பாதி குடித்த வோட்கா.

மலைக்கு முன்பு வேறு பேர்.
சத்தமாகச் சொல்லக் கூடாதது.
அவனுக்கு ஆட்டு ரத்தம் வேண்டியிருந்தது.

பிறகு தெற்கிலிருந்து ஒட்டகத்தில் ஒரு லாமா.
மூன்று நாள் மலையோடு பேசினார்;
சண்டை போட்டார் என்பவர்களும் உண்டு.
இறங்கி வந்தபோது மலைக்கு
எங்கள் நாக்கில் புரளாத சமஸ்கிருதப் பேர்.
ரத்தம் நின்றது, பால் வந்தது.
பழையவன் எங்கும் போகவில்லை.
பால் குடிக்கப் பழகிக்கொண்டான்.

அப்புறம் வந்தவர் என் அப்பா.
நில அளவைத் துறை, கட்சி அட்டை,
தோலுறையில் கருவி.
கற்குவியலைக் கலைத்து
நடுவில் இரும்புக் கம்பம் நட்டார்.
தகட்டில் எண்: 417.
அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்று
கேட்காதவர்களிடமும் சொல்வார்,
சாகும்வரை.

கற்கள் எப்போது திரும்பி வந்தன, தெரியாது.
கம்பத்தைத்தான் இப்போது காணோம்.
துணிமேல் துணி.
ஊற்றிய பால் துருவில் இறங்கி
அடியில் வழிகிறது
லேசான ரத்த நிறத்தில்.

புதுமணப்பெண் ஒருத்தி
நெற்றியை ஒற்றி முணுமுணுக்கிறாள்:
"நானூற்றுப் பதினேழு தந்தையே."
யாரும் சிரிக்கவில்லை.

என் பையிலும் ஒரு துண்டு இருக்கிறது.
முடிச்சுப் போட
இடம் தேடுகிறேன்.
ஜார்கல் ஹாரன் அடிக்கிறான்.