செண்பகா தையலகம், ஓல்டன்

ஆயிரத்து நூற்றி நாற்பது வரிகள்.
சூரிச்சில் மளிகை, பீல் நகரில் பல்வைத்தியர்.
ஒவ்வோர் இலக்கத்துக்கும் அடித்துக் கேட்டேன்:
"இன்னும் நடத்துறீங்களோ?"

தையில் தவேந்திரனின் கையேடு வந்தது.
அதே வரிகள்,
நான் பொறியாய் வைத்த பொய்யும் கூட:
செண்பகா தையலகம், ஓல்டன்.
அப்படியொரு கடை இல்லை.
இலக்கம் என் பழைய கைபேசி.

வழக்கறிஞர் ஈகென்மான் கண்ணாடியைக் கழற்றினார்.
"உண்மைகளுக்குச் சொந்தக்காரர் கிடையாது.
சட்டம் வியர்வையை எண்ணுவதில்லை.
வரிசை, அது அகரத்தினுடையது.
நீங்கள் படைத்தது
இந்த ஒரு வரிதான்."

ஆக
பொய் மட்டும் என்னுடையது.

திரும்பும் வழி, ஓல்டனில் ரயில் மாறுகையில்
பழைய கைபேசி அடித்தது.
"தையலகமோ? ஞாயிறு கலியாணம்.
பிளவுஸ் கை இறுக்கம், பிரிக்கவேணும்."
யாரின்ர புத்தகத்தில பார்த்தீங்கள் என்று
கேட்க வாயெடுத்து,
"அளவைச் சொல்லுங்கோ" என்றேன்.