முப்பத்து மூன்றாம் சுற்று

கண்ணாடித் தகட்டில் ஒன்றுமில்லை என்று
எழுதிவிட்டுப் போனார் டாக்டர் இயோ.
ஊதாவும் இளஞ்சிவப்புமாய்
அடுக்கி வைத்த அமைதி. நானும் பார்த்தேன்.

அதே கணுவின் மிச்சப் பாதியை
அரைத்துக் கரைத்து
இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறேன்.
அது பார்ப்பதில்லை. ஒட்டுக்கேட்கிறது.

பட்டர்வொர்த் ஃபெர்ரியில்
அத்தனை இரைச்சலிலும் யாரோ ‘காப்போ’ என்றால்
திரும்பாமலே தெரியும், கிளந்தான்காரர்.
அவர் பாவம், லக்சா சாப்பிட வந்தவர்.
இது அப்படியல்ல.
நிணநீர்க் கணுவுக்குக் கெரட்டின் என்ற சொல்
வாயில் வராது.

இருபத்தெட்டு, முப்பது, தட்டைக் கோடு.
முப்பத்து மூன்றில்
மெல்லத் தலை தூக்கியது.

என் கைப்பிழையாக இருக்கட்டும் என்று
கையுறை மாற்றி மறுபடி ஓட்டினேன்.
வெறும் தண்ணீர் ட்யூப்
கடைசிவரை படுத்தே கிடந்தது.
அந்தம்மாவுடையது மட்டும் எழுந்தது,
அதே இடத்தில்.

ட்யூபில் பெயரில்லை. படிவத்தில்
நாற்பத்தாறு வயது, ஜெலுத்தோங்,
பள்ளி கேண்டீனில் வேலை.
‘சுத்தம்’ என்று சொல்லியாயிற்றா, தெரியவில்லை.

டாக்டரை அழைக்கிறேன்.
மறுமுனையில் தட்டும் கரண்டியும்.
எண்ணைச் சொல்லித் தொடங்குகிறேன்.