ஐந்துக்கு நான்கு

எந்த ஆட்டம் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய்.
'உப்புக் கணக்கர்கள்' வாங்கு.
இருநூற்றுப் பதினாறு பக்கம்,
அதில் நூறைப் படிக்க வேண்டாம்.
சண்டை விதிகளை எழுதியவர்
யாருடனும் சண்டை போட்டதில்லை:
ஒரு குத்துக்கு நான்கு அட்டவணை.
குத்து வந்து விழுவதற்குள் எதிராளி
வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிடலாம்.
வரைபடத்தில் வடக்கு இரண்டு இடத்தில் இருக்கிறது.

ஆனால் அந்த ஊர்.
ஊருக்காக வாங்கு.
ஆண்டுக்கு ஒரு தெருவைக் கடல் எடுத்துக்கொள்ளும் துறைமுகம்,
எடுத்ததற்கெல்லாம் கடலிடம் ரசீது கேட்கும் ஓர் அலுவலகம்.
நாம் அதன் கடைநிலை எழுத்தர்கள்.
வாள் கிடையாது, மந்திரம் கிடையாது.
ஒரு பேரேடு, ஈரச் செருப்பு,
ஆளுக்கொரு பொய்.
பாத்திரத்தை உருவாக்கக் கால்மணி நேரம் போதும்;
பொய்யைத் தேர்ந்தெடுக்கத்தான் நேரமாகும்.

நாங்கள் ஆடியது ரோஸ்ஹில்லில்,
மூன்றாம் மாடியில், புயலின் மூன்றாம் எச்சரிக்கை அன்று.
பேருந்துகள் நின்றுவிட்டன.
கண்ணாடிகளில் குறுக்கே டேப்,
மேசைமேல் ரொட்டி, சார்டின் டப்பா, ஆறு மெழுகுவர்த்தி.
நடத்தியவள் சோலேன்,
பள்ளியில் கணிதம் சொல்லித்தருபவள்.
கடல் பேசும்போது மட்டும்
தன் வங்கி மேலாளரின் குரலில் பேசினாள்.

பன்னிரண்டு பக்கப் பகடை முதல் வீச்சிலேயே
ஃபிரிட்ஜுக்கு அடியில் போனது.
துடைப்பத்தை விட்டுத் துழாவினோம்:
ஒரு பாட்டில் மூடி, ஒரு பட்டாணி, பகடை இல்லை.
அடுக்களையில் புளி இருந்தது.
ஆறு கொட்டையைப் பால்கனிச் சிமெண்டில்
ஒரு பக்கம் வெளுக்கத் தேய்த்தேன்.
தாயம் கேட்கும் கை, எந்த ஆட்டத்துக்கும் வரும்.
குறித்துக்கொள்: பகடையைவிடக்
கொட்டையில் இது நன்றாக ஓடுகிறது.

இனி எழுபத்தோராம் பக்கம்.
தோற்றால், உன் இடப்பக்கம் இருப்பவர்
உன் பாத்திரம் எதை மறந்தது என்று சொல்வார்.
அவ்வளவுதான் விதி.
நதீமின் எழுத்தர் ஏழு என்ற எண்ணை மறந்தார்;
அதன்பின் அவர் பேரேட்டில் ஆறுக்கு அடுத்து எட்டு.
சிரித்தோம்.
மிரேயின் எழுத்தர் தன் தெருவை மறந்தார்.
மேசைக்கடியில் கோட்டை விரித்துப் படுத்துக்கொண்டார்.
அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

என் முறை. ஆறும் கறுப்பு.
என் இடப்பக்கம் தேவென்.

மதிப்புரைக்கு நேர்மை வேண்டும், அதனால் சொல்கிறேன்:
தேவென் எனக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் தர வேண்டும்.
இரண்டு வருஷமாக.
அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்காகவே
நாங்கள் நிறையப் பேசுவோம்.

மாடிப்படிக் கதவைக் காற்று அறைந்துகொண்டிருந்தது.
தேவென் மேசையில் வழிந்த மெழுகைச் சுரண்டினான்.
"கணக்குக்காரியாயிற்றே," என்றான்.
"யார் யார் தனக்குத் தர வேண்டும் என்பதை
மறந்துபோனாள்."

யாரும் என்னைப் பார்க்கவில்லை.
விதிப்படி மறுக்க முடியாது.
என் கணக்குக்காரி பேரேட்டைத் திறந்தாள்.
கடலின் பெயருக்கு எதிரே வெறும் கோடு.
இறங்கிக் கரைக்குப் போனாள்.
எல்லோரிடமும் மேலாளர் குரலில் பேசிய கடல்
அவளிடம் மட்டும் தணிந்து,
உட்காருங்கள் என்றது.

விடிகாலை நாலுக்கு எச்சரிக்கையை இறக்கினார்கள்.
தேவென் வாசலில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டியபடி
"வெள்ளிக்கிழமை" என்றான்.
ஆட்டத்தைச் சொன்னானா, பணத்தையா, கேட்கவில்லை.
அதன்பின் இரண்டு வெள்ளி போய்விட்டது.
இரண்டிலும் ஆடினோம்.

ஆக, ஐந்துக்கு நான்கு.
புதியவர்களுடன் ஆடலாம்.
மூவருக்குக் குறைந்தால் வேண்டாம்.
சண்டை அட்டவணையைக் கிழித்து மடித்து
ஆடும் மேசைக்காலுக்கு அண்டக்கொடு.
யார் எங்கே உட்காருவது என்பதை மட்டும்
கொஞ்சம் யோசித்துப் போடு.

என் பிரதியை அனுப்பியிருப்பேன்.
தேவென் இரவல் வாங்கிப் போயிருக்கிறான்.