எரியுதா

லூர்துக்குப் புதுப்பேட்டையில் வேலை.
இடிபட்ட கார்களுக்கு முகம் பூசுகிறவன்.
எந்த டப்பாவானாலும்
பின்பக்கத்து எறும்பெழுத்து வரை வாசித்துவிட்டுத்தான்
மூடியைத் திறப்பான்.

பாரிமுனையில் நான் வாங்கிவந்த
முடி நீட்டும் க்ரீமையும் அப்படித்தான் வாசித்தான்,
இரண்டு ராத்திரி, சோற்றுக்கு நடுவில்.
மருதாணி போட்டியா?
போன வருஷம்.
கறுப்பா, சிவப்பா?
சிவப்பு.
இலையா, பாக்கெட்டா?
இதற்கு முன்னே யார் அடித்தது,
என்ன பெயின்ட், எத்தனை கோட்டிங் என்று
செகண்ட் ஹேண்ட் வண்டியை விசாரிக்கிற அதே குரல்.

காதுக்குப் பின்னால் பட்டாணியளவு தடவிக் கழுவிவிட்டு
இரண்டு நாள் காத்திருந்தோம். தோல் சும்மா இருந்தது.
அப்புறம் பிடரியில் ஒரே ஒரு கொத்து.
அதை மட்டும் நீட்டி, ஈரத்தோடு இழுத்துப் பார்த்தான்.
அறுபடவில்லை.
எனக்கென்னவோ கொஞ்சம் ஏமாற்றம்.
அறுந்திருந்தால்
முடிவு அதனுடையதாகப் போயிருக்கும்.

ஏன் என்று மட்டும் அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
ராயபுரத்துக் கான்வென்ட்டில்
என் தலையில் பென்சில் செருகிப் பந்தயம் கட்டியதை.
ஏழு நின்றது. எட்டாவது விழுந்ததற்கு
என்னைத்தான் முறைத்தார்கள்.
சுருட்டை சோறு போடும் என்பாள் அத்தை.
சோறு போட்டதோ பில்லிங் மெஷின்.
ஆனால் இது எதற்காகவும் இல்லை.
குளிக்கும்போது முடி எவ்வளவு தூரம் வரும் என்று
ஈரத்தில் ஒரு நிமிடம் தெரியுமே,
அது காய்ந்த பிறகும் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

ஞாயிறு. மெட்ரோ வாட்டர் வருகிற நாள்.
நாலு குடம், இரண்டு பக்கெட், அண்டா.
அலசத் தண்ணி இல்லாம ஆரம்பிக்கிறது,
பிரேக் இல்லாம எடுக்கிறது, என்றான்.
ஜன்னல் இரண்டும் திறப்பு. ஃபேன் ஐந்தில்.
நெற்றி விளிம்பில், காதில், கழுத்தில் வாஸ்லின்.
மாஸ்கிங், என்றான் தனக்குத்தானே.
கண்ணாடியும் விளக்கும் மூடி ஒட்டப்பட்ட
அம்பாசடராக உட்கார்ந்திருந்தேன்.

கையுறை. பிளாஸ்டிக் சீப்பு.
தலையை நாலு மனையாகப் பிரித்து
வேரை விட்டுத் தள்ளி, பிடரியில் தொடங்கினான்.
அழுகின முட்டை நாற்றம்.
கேஸ் கசியுதா, என்று
கீழ்வீட்டிலிருந்து நஸ்ரீன் கத்தினாள்.

எரியுதா?
இல்லை.
ஒன்பதாம் நிமிடம். எரியுதா?
இல்லை.
பதினொன்றில், இடது காதுக்கு மேலே,
ஒரு எறும்பு. பிறகு அதன் குடும்பம்.
பெட்டியில் பதினெட்டு என்று போட்டிருந்தது.
இன்னும் ஏழு. ஏழு பென்சில்.
எரியுதா?
இல்லை.
வாய் சொன்னது. என் கால் கட்டைவிரலோ
தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.
அவன் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அடுத்த நொடி குனிந்த தலைமேல் தண்ணீர்.
மூன்றாவது குடம் வரை பேசவில்லை.
பிறகு: பெயின்ட் போனா மறுபடி அடிக்கலாம்.
தகரம் போனா?
இரண்டாவது பாட்டிலை, சொன்ன நிமிடம் எண்ணி,
சொன்னபடி ஊற்றினான்.
மீந்த க்ரீமை வைத்துக்கொள்ள விடவில்லை.

இப்போது முடி இடுப்பைத் தொடுகிறது.
இத்தனை நாள் இது எங்கே
மடித்து வைக்கப்பட்டிருந்தது!
இடது காதுக்கு மேலே மட்டும் உள்ளங்கையளவு
பாதிக்கதையில் நின்றுவிட்டது.
காசிமேட்டுக் காற்றில் மற்றதெல்லாம் படிந்திருக்க
அது தனியாக எழுந்து பார்க்கிறது.

இன்னொரு தடவை?
வேர் ரெண்டு விரல் வளரட்டும். அப்பவும்
புதுசுக்கு மட்டும். பழசு மேல படக் கூடாது.
நல்லதுதான். ஆனாலும் அந்தச் சுருளை
விரலால் இழுத்து விட்டுப் பார்க்கிறான், அடிக்கடி.
ஸ்பிரிங் சரியாக இருக்கிறதாம்.

வேலைக்குக் கிளம்பும்போது இப்போதும் கேட்கிறான்.
எரியுதா?
இல்லை என்கிறேன்.
என் காலைப் பார்க்கிறான்.