அதே நானூற்றுப் பன்னிரண்டு

முஸஃபாவில் ஆகஸ்ட் மாதம்
ஜன்னல் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வேர்க்கும்.
கம்பெனிக்கு இருபத்தைந்து வயது நிறைந்த சந்தோஷத்தில்
ஆளுக்கு முந்நூறு திர்ஹம் என்று அறிவித்துவிட்டார்கள்.
"லிஸ்ட் காலையில வேணும், மைமூன்."

ஒரு வருடத்து வாசல் பதிவு,
இரண்டு லட்சத்துச் சொச்சம் வரி.
எக்செல் திறந்தால் மூச்சுத் திணறும் மெஷின்.
ஆகவே கறுப்புத் திரை.
மவுஸ் தேவையில்லை, மன்னிப்பும் கிடையாது.

கேட் என்று அடித்தேன்; கேட்காததையும் கொட்டியது.
வரிவரியாக ஆட்கள் மேலே மேலே ஓடி
திரைக்கு வெளியே விழுந்தார்கள்.
அடுத்தது கட்.
பெயரும் பிரிவும் போதும், அடையாள எண் எதற்கு,
பதினைந்து இலக்கம், கண்ணைக் குத்துகிறது.
வெட்டியது நான்தான்.
இதைப் பிறகு வேறு மாதிரி சொல்ல மாட்டேன்.

சார்ட் எல்லோரையும் வரிசையில் நிறுத்தியது,
எந்த ஃபோர்மேனாலும் முடியாத வேகத்தில்.
யூனிக் பக்கத்து வரியை மட்டும் பார்க்கிற பிராணி:
முன்னால் நிற்பவனைப் போலவே இவன் என்றால்
இவன் இல்லை.
டபிள்யூசி எண்ணிச் சொன்னது: 412.
ஹெச்ஆர் சொல்லியிருந்ததும் 412.
கராக் டீயில் இன்னொரு சர்க்கரை போட்டுக்கொண்டேன்.

புதிய பட்டியலைப் பழையதன் பெயருக்கு அனுப்பினேன்.
எம்வி.
பெயர் மாற்றுவதும் இடம் மாற்றுவதும்
அந்தக் கட்டளைக்கு ஒரே வேலை.
இங்கே விமானத்தில் வந்திறங்கிய யாரும்
இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள்.
பழையதன் மேல் புதியது உட்கார்ந்தது.
நிச்சயமா என்று திரை கேட்கவில்லை.

ஒன்பதாம் நாள் சூசைமுத்து வந்தார்.
ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகும்
அதன் விளிம்பு நெற்றியில் இருந்தது.
"மேடம், என் காசு சூசைமுத்துவுக்குப் போயிருச்சு."
நீங்கதானே சூசைமுத்து?
"அவனுந்தான்."
அப்பா பேர்?
"அந்தோணி. அவங்கப்பாவும்."
இருவருக்கும் சாரம் கட்டுகிற வேலை. ஒரே அறை.
"அவன் மேல் கட்டில், நான் கீழ் கட்டில்."

பக்கத்துப் பக்கத்து வரிகள்.

ஒருவர் குறைந்தும் கணக்கு எப்படிச் சரி?
கிரெப்பை அனுப்பித் தேடினேன்.
பழனியாண்டி.
வடக்கு வாசலின் நேபாளக் காவலர் அவரை எல் போட்டு எழுதியிருக்கிறார்.
தெற்கு வாசலில் பாலக்காட்டுக்காரர்,
நாக்கு மடியத் தெரிந்தவர், இசட் ஹெச் போட்டிருக்கிறார்.
இருவர் ஒருவராக, ஒருவர் இருவராக,
கூட்டுத்தொகை மட்டும் குளித்துப் பவுடர் பூசி நின்றது.

மூலப் பதிவு வேண்டும்.
அதன் மேல்தான் நான் உட்கார்ந்துவிட்டேனே.
எல்எஸ் அடித்தேன், இல்லை.
எல்எஸ், ஒரு கோடு, ஏ:
புள்ளி வைத்த பெயர்கள் எழுந்து வந்தன.
மெய்யின் தலையில் புள்ளி வைத்தால் உயிர் ஒலிக்காது.
கோப்பின் முன்னால் புள்ளி வைத்தால் உருவம் தெரியாது,
ஆனால் உயிர் இருக்கிறது.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த ஆர்னெல்
இரவுதோறும் ஒரு நகல் எடுக்கச் சொல்லிவிட்டு,
மெஷினிடம் மட்டும் சொல்லிவிட்டு,
கனடா போயிருந்தான்.

இந்த முறை எண்ணை வைத்து அடுக்கினேன்,
கடைசியில்தான் வெட்டினேன்.
டபிள்யூசி: 412.
மேலாளர் இரண்டு தாளையும் புரட்டினார்.
"அதே 412. அப்புறம் என்ன மாறிச்சு?"

டிஃப் அடித்துத் திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
ஒரு அம்பு போகிறது.
ஒரு அம்பு வருகிறது.
மற்ற நானூற்றுப் பதினொரு வரிகளைப் பற்றி
அது வாய் திறக்கவில்லை.

சூசைமுத்து எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.
பழனியாண்டியிடம் இரண்டாவது கவரைக் கேட்டபோது
ஊருக்கு அனுப்பியாகிவிட்டதாம், அடுத்த மாதம் தருகிறாராம்.
வாசல் வரை போய்த் திரும்பினார்:
"ரெண்டு ஆளா இருந்த ஒம்பது நாளும்
எனக்கு ஒண்ணும் தெரியலயே, மேடம்.
முதுகு வலி மட்டும்
ஒரு ஆளுக்குள்ளதுதான் இருந்துச்சு."